தூசியக்காவின் வாசல்

மெஷின் மூன்றாவது முறையும் கத்தியது.

சட்டைக்கு அளவு கொடுப்பவர் மாதிரி கைகளை விரித்தபடி விண்வெளி நிறுவனத்தின் சேர்மன் வாசலிலேயே நின்றார்.

கதவுக்கு அந்தப் பக்கம், தூசி புகாத அறையில், விண்வெளித் தொலைநோக்கியின் கண்ணாடி இரண்டு ஆள் உயரத்துக்குப் பளபளவென்று நின்றது. இன்னும் நான்கு மாதத்தில் மேலே போகிறது. பூமியிலிருந்து பார்த்தால் நடுவில் காற்று கலங்கிக்கொண்டே இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால், எந்தக் காலத்திலோ கிளம்பி இப்போதுதான் வந்து சேரும் வெளிச்சத்தைக்கூடப் பிடித்துவிடலாம். அதற்காகத்தான் இத்தனை பாடு.

ஆனால் ஒரு சிட்டிகை முகப்பவுடர் ஒட்டிக்கொண்டு போனாலும், அங்கே போய்த் துடைத்துவிட்டு வர ஆள் கிடையாது.

அதனால்தான் வாசலில் தூசியக்கா. உள்ளே போகிறவர்களைச் சோதிப்பது அவள் வேலை. பெயர் வைத்தது, அவளிடம் திட்டு வாங்கிய விஞ்ஞானிகள்.

"பவுடர் சார். மீசையில வேற மை பூசியிருக்கீங்க. மூஞ்சி கழுவிட்டு வந்தீங்கன்னா போதும்."

மீசை என்றதும், சேர்மனைப் படமெடுக்கக் கூட வந்த புகைப்படக்காரர் அவசரமாகக் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"எனக்குத் தெரியும் சார். மெஷினுக்குத்தான் தெரியல."

அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் வேலையை இன்னொரு வருடம் நீட்டிக்கும் தாள் அவர் மேசையில்தான் கிடந்தது. அடுத்த வாரத்துக்குள் கையெழுத்தாக வேண்டும்.

சேர்மனோ முகம் கழுவுவதாக இல்லை. மாலையில் தொலைக்காட்சிப் பேட்டி. தலைப்பு, 'பிரபஞ்சமும் நானும்'. அந்த முகத்தைத் தயார் செய்யவே ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

அடுத்ததாக, உள்ளே போட வேண்டிய வெள்ளை உடையைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை மூடிவிடும். கண்ணும் புருவமும் மட்டும்தான் வெளியே.

"அப்போ படத்துல நான்தான்னு எப்படித் தெரியும்?"

"கீழ பேர் போட்டுடலாம் சார்" என்றார் மக்கள் தொடர்பு அதிகாரி.

சேர்மனின் முகம் தெளிந்தது. அதிகாரி தூசியக்காவைச் சுவரோரம் அழைத்துப்போய்க் காதில் இரண்டு வார்த்தை சொன்னார்.

தூசியக்கா உள்ளே நின்ற கண்ணாடியைப் பார்த்தாள். மேசையில் கிடக்கும் தாளை நினைத்தாள்.

"சரி சார்" என்றாள்.

பத்தே நிமிடம். புகைப்படக்காரர் ஜன்னல் வழியாக எடுத்து முடித்துவிட்டார்.

மறுநாள் செய்தித்தாளில் முதல் பக்கத்தில் பாதி அந்தப் படம்தான். கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை உடை, பின்னால் கட்டிய கைகள், கூர்ந்து பார்க்கும் இரண்டு கண்கள். கீழே, 'நேரில் ஆய்வு செய்யும் சேர்மன்'. உள்ளே இருந்த குளிரைப் பற்றியும், பிரபஞ்சம் தன்னைத் திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தைப் பற்றியும் பேட்டியில் உருகியிருந்தார்.

தூசியக்காவின் மகள் செய்தித்தாளை மூக்குக்கு நேராகப் பிடித்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். மறுபடி செய்தித்தாளை.

"அம்மா, சின்ன வயசுல நான் கரண்டி வீசி உன் புருவத்துல விழுந்த தழும்பு, இவருக்கு எப்படிம்மா வந்துச்சு?"

தூசியக்கா எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"மெதுவா பேசுடி. கையெழுத்து இன்னும் விழல."