சீர் கேட்காத சம்பந்தம்

"நகையும் வேண்டாம், ரொக்கமும் வேண்டாம். பொண்ணு கட்டின சேலையோட வந்தாப் போதும்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா மதலேனம்மாள்.

பெண்ணின் அப்பா கபிரியேலுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை வந்தவர்கள் யாரும் இருபது பவுனுக்குக் கீழே பேசியதில்லை.

"பொண்ணு படிச்சிருக்காளா அண்ணே?"

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

"பரவாயில்ல. தேயிலைக் கொழுந்து எடுக்கத் தெரியுமா?"

கதவோரம் நின்ற மணப்பெண் ரிஞ்சு நிமிர்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை ஜின்சன் தரையைப் பார்த்தான்.

"கல்யாணத்த இந்த மாசமே வச்சிரணும்" என்றாள் மதலேனம்மாள்.

"அடுத்த வாரமே வச்சாலும் எங்களுக்குச் சந்தோசந்தான்" என்றார் கபிரியேல். "ஆனா உங்களுக்கென்ன அவசரம்?"

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்ககிட்ட மறைப்பானேன். முப்பதாந்தேதி நான் ரிட்டையர். மேனேஜர் மாலை போட்டு, 'இனி வீட்ல நிம்மதியா இருங்க'ம்பாரு. மறுநாளே வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாரு. எஸ்டேட் வீடு, குடும்பத்துல ஒரு ஆளு அங்க வேலை பார்த்தாத்தான் நமக்கு. இவன் ஜீப் ஓட்டுறத விட்டு வரமாட்டேங்கான். மருமக என் எடத்துல வேலைக்குச் சேர்ந்துட்டா வீடு தப்பிச்சிரும்."

கபிரியேல் மனைவியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா" என்றார் அவர் மெதுவாக. "எங்க எஸ்டேட்லயும் அதே சட்டந்தான். நானும் இந்த முப்பதுதான் ரிட்டையர். உங்க மகன் வீட்டோட மாப்பிள்ளையா வந்து என் எடத்துல சேருவாருன்னுதான் உங்களை வரச்சொன்னோம்."