பாலிஷ் போட்ட முகம்

ஒரு பழைய காரில், முன்கதவுகளின் உட்பக்கத்தை மூடியபடி இரண்டு டோர் பேடுகள் இருந்தன. வெயில் பட்டுப் பட்டு இரண்டும் வெளுத்துப் போயிருந்தன. காரை விற்க நினைத்த சொந்தக்காரர், "கலர் அடித்துப் பார்ப்போம். தேறாததைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம்" என்றார்.

பெயிண்டர் முதலில் வலது பேடைச் சோப்பு நுரை போட்டுத் தேய்த்தார். வருஷக்கணக்காகப் பூசிய பாலிஷ் போனதும் அது இன்னும் வெளிறித் தெரிந்தது.

"அடியே, இதுதான் உன் நிஜ முகமா?" என்று சிரித்தது இடது பேடு. "உன்னோடு ஒரே காரில் இருந்தேன் என்று வெளியே சொல்லிவிடாதே."

"நீயும் குளித்துவிடு அக்கா. பாலிஷ் பசைமேல் கலர் நிற்காதாம்."

"குளியல் எல்லாம் அழுக்கு உள்ளவர்களுக்கு."

சொந்தக்காரருக்கும் அவசரம். இடது பேடைக் காட்டி, "அதுதான் மினுமினுக்கிறதே, அப்படியே அடிங்க" என்றார். எதற்கு வம்பு என்று பெயிண்டரும் அடித்துவிட்டார்.

காய்ந்ததும் இரண்டும் கன்னங்கரேலென்று ஆகிவிட்டன. இடது பேடு ஒரு படி கூடுதல் கறுப்பு. அதைச் சொல்லிக்காட்ட அது மறக்கவில்லை.

மறுநாள் காரை வாங்க வந்தவர் வெள்ளைச் சட்டையோடு இடப்பக்கம் ஏறி, முழங்கையைப் பேடின்மேல் ஊன்றி, சொந்தக்காரர் ஓட்ட ஒரு சுற்றுப் போய் வந்தார். இறங்கும்போது சட்டைக் கையில் கறுப்பு திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. அவர் விலைகூடக் கேட்காமல் நடந்தார்.

"பார்த்தாயா?" என்றது இடது பேடு. "உன்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கொஞ்சம் கையோடு எடுத்துக்கொண்டே போகிறார்."

சொந்தக்காரர் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார்.