இண்டைக்குக் கடல் எப்பிடி?

“இண்டைக்கும் ஏலாது. காத்துக் கூடவாம்,” என்று சொல்லியபடி யாகப்பர் காதில் செருகியிருந்த வயரைக் கழற்றிப் போனில் சுற்றிவைத்தார்.

அடுப்படியில் நின்ற றோசம்மாவுக்குப் போன உயிர் வந்தது. “அப்ப இருங்கோ, தேத்தண்ணி தாறன்,” என்றாள், முகத்தைக் காட்டாமல்.

தாழ்வுபாட்டுக் கரையிலிருந்து எஞ்சின் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. ஊரே தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பங்குனிக் கடல் குளத்துத் தண்ணீர்போலக் கிடக்கிறது என்பது அவளுக்கும் தெரியும்.

போன கார்த்திகையில் யாகப்பரும் மகன் ஜஸ்ரினுமாய்ப் போன வள்ளத்தில் யாகப்பர் மட்டும்தான் உயிரோடு திரும்பினார். ஜஸ்ரினுக்கு இருபத்திரண்டு வயது. மூன்றாம் நாள்தான் அவன் உடல் கரையொதுங்கியது.

மாசியில் வள்ளத்தைத் திருத்தி எடுத்ததும், “வாற கிழமை தொழிலுக்கு இறங்கிறன்,” என்றார் யாகப்பர். போகவேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்ல றோசம்மாவால் முடியவில்லை. மகனைக் கடலில் விட்டுவிட்டு வந்தவன் என்று குத்திக்காட்டுவதாக அந்த மனிதர் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் அவளுடைய தமையன் மகன் கொலின்ஸ், கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஒரு வேலை செய்து கொடுத்திருந்தான். காற்று, அலை, நீரோட்டம் எல்லாவற்றையும் மணிக்கு மணி தரும் சேவை ஒன்றை, பேசினால் பதில் பேசும் ஏஐ உதவியாளரோடு இணைத்து எல்லோருடைய போனிலும் போட்டுவிட்டான். “இண்டைக்குக் கடல் எப்பிடி?” என்று கேட்டால் போதும், போகலாமா கூடாதா என்று ஒரு பெண்குரல் சொல்லிவிடும். ஊரில் அதற்குக் ‘காத்துக்காரி’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பெண்சாதி சொல்லுக் கேட்காதவர்கள்கூடக் காத்துக்காரி சொல்லைத் தட்டவில்லை. முப்பது வருட எஞ்சின் சத்தத்தில் காது மந்தமாகிப்போன யாகப்பர் மட்டும் வயரைச் செருகிக்கொண்டுதான் கேட்பார்.

அதைப் போட்டுக்கொடுக்க அவருடைய போனைக் கொலின்ஸ் வாங்கிக்கொண்டு போன அன்று, றோசம்மா படலைவரை அவன் பின்னால் போனாள்.

“மாமாவின்ர போனில மட்டும் எப்பவும் கடல் கூடாதெண்டு சொல்லப்பண்ணு தம்பி. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சரி என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. போன் திரும்பி வந்த மறுநாள் விடியவே, “காத்துக் கூடவாம்,” என்றார் யாகப்பர். றோசம்மா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள்.

ஆறு கிழமை ஓடிவிட்டது. யாகப்பர் கரைப்பக்கம் போவதில்லை, ஒருவரோடும் கதைப்பதில்லை. வேலிக்குள்ளே கதிரையைப் போட்டுக்கொண்டு கிழியாத வலையை ஊசிநூலால் பொத்திக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையில் பாதி அப்படியே திரும்பி வந்தது.

ஞாயிறு பூசையில் எல்லோரும் நற்கருணை வாங்க எழும்பும்போது றோசம்மா வாங்குப் பலகையிலேயே இருந்தாள். இவ்வளவு பெரிய பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது? அந்தப் பக்கம் ஆண்களின் வரிசையில் யாகப்பரும் எழும்பவில்லை. மகனின் முப்பத்தோராம் நாள் பூசைக்குக்கூட அழுதழுது போய் நற்கருணை வாங்கியவர், இந்தத் தவக்காலம் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். ஆண்டவரோடு கோபமாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள்.

“முதல்ல அதைச் சரிப்படுத்துங்கோ அம்மா,” என்றார் சுவாமியார்.

இன்று காலையும் ‘காத்துக் கூடவாம்’ என்றதும் உயிர் வந்தது உண்மைதான். ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை வாங்க நீண்ட அந்த மெலிந்த கையைப் பார்த்தபிறகு அவளால் தாங்க முடியவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு நேரே சங்கக் கந்தோருக்கு நடந்தாள். கொலின்ஸ் அங்கே கணினிக்கு முன்னால் தனியாக இருந்தான்.

“தம்பி, மாமாவின்ர போனைச் சரியாக்கிவிடு. கடல் நல்லமெண்டா நல்லமெண்டே சொல்லட்டும். அவர் போனாப் போகட்டும். வீட்டுக்குள்ள இருந்து மனிசன் கொஞ்சம் கொஞ்சமாச் சாகுது.”

கொலின்ஸ் கதிரையை விட்டு எழும்பினான்.

“மாமி, நான் அதில கைவைக்கேல்லை. கடல் விசயத்தில பொய் சொல்லப்பண்ண எனக்கு மனம் வரேல்லை. உங்களிட்ட அதைச் சொல்லவும் வாய் வரேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

றோசம்மாவுக்கு விளங்கவில்லை. “அப்ப ஏன் அது ஒவ்வொரு நாளும் ஏலாதெண்டு சொல்லுது?”

கொலின்ஸ் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். யாகப்பர் கேட்ட கேள்வியும் அதற்கு வந்த பதிலும் நாள்வாரியாக அதில் கிடந்தன. கண்ணில் நீர் முட்டியதில் அவளுக்கு எழுத்து ஒன்றும் தெரியவில்லை. அவன்தான் சொன்னான்.

“அது ஒவ்வொரு நாளும் போகலாமெண்டுதான் சொல்லுது மாமி. ஏலாதெண்டு சொல்லுறது மாமா.”