துணையமைச்சர் ருசி பார்த்த எலும்பு

கஜகஸ்தானின் அல்மாத்தி நகர ஆய்வகத்தில் கேமரா விளக்குகள் கண்ணைக் கூசச் செய்கின்றன. பட்டு அங்கி போர்த்திய துணையமைச்சர், ஆய்வக இயக்குநர் பெய்பித் பெருமையோடு திறந்து நீட்டும் தட்டிலிருந்து வெள்ளைக் கட்டி ஒன்றை வெறுங்கையால் எடுத்து வாயில் போட்டு மெல்லுகிறார். விருந்தாளிக்கு வைத்த காய்ந்த தயிர்க்கட்டி என்று நினைப்பு. "உப்பு பத்தலையே!" ஆய்வாளர் ஜாவுரெஷின் காது சிவக்கிறது. "அது எலும்பு பிடிச்சு வளர்றதுக்கான சாரக்கட்டு, ஐயா. தாதுவும் பாலிமரும் கலந்து, உயிர்ச்செல் ஏத்தி, நாளைக்கு ஆட்டோட உடைஞ்ச காலுல வைக்க வளர்த்தேன். உங்க கை பட்டு மொத்தத் தட்டும் கெட்டுப்போச்சு." "அதுக்கென்னம்மா?" என்று சிரிக்கிறார் பெய்பித். "இனி ஆடு சும்மாதானே நிக்கும்? அறுத்துடலாம். பெரிய விருந்தாளிக்குத் தலைதானே நம்ம வழக்கம், அது ஐயாவுக்குத்தான்!" எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே, காலில் கட்டோடு ஆடு புல் மெல்லுகிறது. ஜாவுரெஷ் மிச்சக் கட்டிகளை அப்படியே பட்டு அங்கியின் பைக்குள் கவிழ்க்கிறாள். "விருந்துப் பங்கு, ஐயா. வீட்டுக்கும் கொண்டுபோங்க."