முன்சீட்டு ஈரம்

"பாய், மத்ததை அப்புறம் பாருங்க. முதல்ல இந்த நாத்தத்தைப் போக்குங்க."

காரை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள் காளீஸ்வரி.

பாளையம்பட்டி மெக்கானிக் மதார் மைதீன் முன்கதவைத் திறந்தார். முன்சீட்டுக்குக் கீழே கால்மிதி சொதசொதவென்று இருந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"என்ன ஆகும்? பின்னாடி உக்காந்திருக்காரே எங்க மாமா, அவர் பண்ணின வேலை."

பின்சீட்டில், பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் உட்கார்ந்திருந்த மாமனார் வீரபத்திரன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எழுபத்தெட்டு வயது. சர்க்கரை வேறு.

"பதினஞ்சு நாளைக்கு முன்னாடி திருச்சுழி கோயிலுக்குப் போனோம். போறப்ப இவர் முன்னாடி. வர்றப்ப மூட்டுவலின்னு எங்கம்மா முன்னாடி வந்துட்டாங்க. வீட்டுல வந்து பார்த்தா கால்மிதியெல்லாம் ஈரம்! இவர்கிட்ட கேட்டா, 'ஆமா தாயி, தெரியாமப் போயிருச்சு'ங்கிறார். மூணு தடவை ஷாம்பூ போட்டுக் கழுவிட்டேன். காயவே மாட்டேங்குது."

"அக்கா, கொஞ்சம் மெதுவா..."

"எதுக்கு மெதுவா? நாளைக்குப் பந்தல்குடியில இவர் பேத்திக்குக் கல்யாணம். பஸ்ஸுல போயிக்கங்கன்னு சொல்லிட்டேன். இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணுமேன்னுதான் ஷீட்டு விரிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

மைதீன் பேச்சை மாற்றினார். "அய்யா, டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம்ப்பா."

"இந்த வெயில்ல தண்ணியாச்சும்?"

"கார்ல வாரப்ப குடிக்கிறதில்லப்பா."

மைதீன் ஏசியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குனிந்து பார்த்தார். காருக்கடியில் தரை காய்ந்து கிடந்தது.

"ஏன்க்கா, ஏசி ஓடினா அடியில தண்ணி சொட்டணுமே. சொட்டுதா?"

"அதையெல்லாம் யாரு குனிஞ்சு பார்த்தா?"

"ஏசி சர்வீஸ் கடைசியா எப்பப் பண்ணுனீங்க?"

"ஜில்லுன்னுதானே வருது? தண்டச் செலவு எதுக்குன்னு விட்டுட்டேன்."

மைதீன் ஒரு கம்பியோடு காருக்கடியில் புகுந்தார். நாலு குத்து. சேறும் சருகுமாக ஒரு கட்டி வந்து விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. அதே நாற்றம்.

"ஏசித் தண்ணி வெளிய போற டியூப்பு அடைச்சிருக்குக்கா. போக வழியில்லாம உள்ளாற இறங்கி, ஊறி நாறிப் போச்சு. வேற ஒண்ணுமில்ல. பாவம், அய்யாவைப் போயி..."

காளீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்கதவைத் திறந்தாள்.

"மாமா... அப்ப நீங்க பண்ணலையா?"

"இல்ல தாயி."

"அப்புறம் எதுக்கு ஆமான்னீங்க? பதினஞ்சு நாளா நான் பேசாத பேச்சில்லை. சொந்தக்காரங்க ஒருத்தர் விடாமச் சொல்லிட்டேனே!"

வீரபத்திரன் மெக்கானிக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நான் எறங்குறப்ப காஞ்சுதான் கெடந்துச்சு தாயி. அதுக்கப்புறம் அந்தச் சீட்டுல உக்காந்து வந்தது உங்க அம்மால்ல?"