பயிற்றுநரின் வலக்கால்

ஒன்பதாவது முறையாக என் வலக்கால் எங்கள் மூவரின் உயிரையும் காப்பாற்றியது. கடலோரச் சாலையின் வளைவைத் திரும்பியதும், நட்டநடுவே ஒரு நாய் நின்றுகொண்டிருந்தது. நான் மிதித்தேன், கார் நின்றது. நாய் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவசரமேதுமின்றிக் கடந்து சென்றது.

காரை ஓட்டியவள் என் மனைவி. நானோ இருபத்திரண்டு ஆண்டுகளாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவன். பயிற்சிக் காரில் பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் மிதி இருக்கும். ஒரு முறுக்குக் கம்பி அதனை ஓட்டுநரின் மிதியோடு இணைத்திருக்கும். என் வாழ்வின் பெருமை அனைத்தும் அந்த உள்ளங்கையளவு இரும்புத் தகட்டின்மீதே நின்றது.

பதினொரு பெண்கள், தங்களுக்குக் கற்பிக்க ஒரு பெண் வேண்டும் என்று பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தனர். அந்த வேலையைத் தனக்குத் தரும்படி மனைவி ஓராண்டாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இலையுதிர் காலத்துல கடலோரமா கூடாரம் போட்டுத் தங்கணும்னு சொன்னியே. அங்க வரைக்கும் நீயே ஓட்டு. நான் ஒரு தடவைகூட பிரேக்கைத் தொடலைன்னா கையெழுத்துப் போடுறேன்" என்று, தோற்கவே முடியாதவனுக்குரிய பெருந்தன்மையோடு அறிவித்திருந்தேன்.

நியமனப் படிவம் அவள் கைப்பையில் இருந்தது. என் பேனா, மூடியைத் திறக்கும் எண்ணம் சிறிதுமின்றி, என் சட்டைப்பையில் இருந்தது.

"ஏங்க, காலை ஏன் இப்படி உதைச்சுக்கிட்டே வர்றீங்க? மரத்துப்போச்சா?"

"ஒண்ணுமில்லை. நீ ரோட்டைப் பாரு."

பின்னிருக்கையில் அடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த மைத்துனன் இருமினான். எங்கள் பள்ளியின் கார்களைப் பழுதுபார்ப்பவன் அவனே. "மாமா, அக்கா ஓட்டுறா. உங்களுக்கு வேர்க்குது. யாரு வேலை பாக்குறாங்கன்னே தெரியலையே!"

திடீரென்று குறுக்கே வந்த லாரிக்கு ஒன்று, உதிர்ந்த இலைகள் ஈரமாய்ப் படிந்திருந்த இறக்கத்திற்கு ஒன்று என, நாயோடு சேர்த்து ஒன்பதையும் மனத்துக்குள் குறித்துவைத்திருந்தேன். அன்று மிதி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. என் காலின் அனுபவமே அதற்குக் காரணம் எனத் தெளிந்தேன்.

மாலையில் கடற்கரையை அடைந்தோம். கோடைக் கூட்டம் கலைந்துபோன மணல்வெளியில் எங்களையன்றி எவருமில்லை. குறிப்புத்தாளை உரக்க வாசித்தவாறு கூடாரத்தை நானே எழுப்பினேன். அது இருமுறை விழுந்தது. மூன்றாம் முறை விழுந்தபோது நான் உள்ளே இருந்தேன்.

"வெளியில வந்துருங்க. உங்களையும் சேர்த்து மடிச்சு வச்சிடப்போறேன்" என்றாள் மனைவி.

ஒரு கயிறு குறைந்திருந்தது. பொருள்களின் பட்டியலை இருமுறை சரிபார்த்தவன் நான் என்பதால், அதைப்பற்றி எவரும் பேசவில்லை.

"விடுங்க மாமா, எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு" என்ற மைத்துனன், தன் கருவிப் பையிலிருந்து ஒரு முறுக்குக் கம்பியை உருவி, கூடாரத்தின் மூலையையும் முளையையும் இழுத்துக் கட்டினான். அதன்பின் கடற்காற்று எவ்வளவு முட்டியும் கூடாரம் அசையவில்லை.

தேநீர் கொதிக்கும்போது மனைவி படிவத்தை நீட்டினாள். வழிநெடுக ஒத்திகை பார்த்துவைத்திருந்த உரையை, தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் இவ்வளவு நேரம் சொல்லலை. நீ நல்லாத்தான் ஓட்டுற. ஆனா ஒம்பது தடவை நான்தான் பிரேக்கை மிதிச்சேன். இல்லைன்னா அந்த நாய் இப்போ உயிரோட இருக்காது."

அவள் முகம் வாடும் என எதிர்பார்த்தேன். அவளோ தேநீரை நிதானமாக வடிகட்டினாள்.

"ஒம்பது தடவையும் வண்டி சரியா நின்னுச்சா?"

"கச்சிதமா நின்னுச்சு. சின்னக் குலுக்கல் உண்டா? பின்னாடி அடுப்பாவது ஆடுச்சா? அவனையே கேளு."

"ஆடலை மாமா" என்றான் மைத்துனன், கடலைப் பார்த்தபடி.

"அப்படி மிதிக்கத் தெரிஞ்சவங்களை வேலைக்கு வச்சுக்கலாமா?"

"என்ன கேள்வி இது! அந்த மாதிரி ஒரு கால் கிடைச்சா, மறுபேச்சில்லாம கையெழுத்துப் போட்ருவேன்."

மைத்துனன் அவசரமாகக் கூடாரத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். அவன் முதுகு மட்டும் வெளியே குலுங்கியது.

மனைவி என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்தாள். மூடியைத் திறந்து, என் விரல்களுக்கிடையே பொருத்தி வைத்தாள். பிறகு, காற்றில் விறைத்து நின்ற கூடாரத்தின் மூலையைக் கண்ணால் காட்டினாள்.

"அதாங்க உங்க பிரேக் கம்பி."