கல்தரையில் ஒரு முள்

மணலும் கல்லும் மாறிமாறிக் கிடக்கும் பாலைவனம் அது. அங்கே தாவித்திரியும் எலித் தம்பதியின் வளையைச் சூறைக்காற்று மூடிவிட்டது. கல்தரையில் வளை தோண்ட இயலாது. வெயில் ஏறுமுன் அதைக் கடந்து அடுத்த மணல்மேட்டை அடைந்தாக வேண்டும். கணவன் தூவாலனுக்கோ கால் பிசகியிருந்தது.

“என்னால் நீயும் வெந்து சாகாதே, நெட்டைக்காலி. நூறு தாவலில் சேர்ந்துவிடுவாய், போ.”

“போயிருப்பேன். என் காலிலும் முள் தைத்துவிட்டதே! நீங்கள் மட்டுந்தான் நொண்ட வேண்டுமா?”

“எந்தக் கால்?”

“இடக்கால்... இல்லையில்லை, வலக்கால்.”

தூவாலன் குனிந்து தேடினான். இரண்டிலும் முள் இல்லை.

“அடேயப்பா, ஆழமாய்த்தான் தைத்திருக்கிறது. என் தோளைப் பற்றிக்கொள்” என்றான்.

வெயில் முதுகைத் தொட்டபோது அவர்கள் மணலில் கால்வைத்தார்கள். இருவருமே இன்னும் நொண்டிக்கொண்டிருந்தார்கள்.